ஜோ ஸ்ட்ரம்மர்: மாறியதும் மாறாததும்

கலைஞன் ஒருவன் தன் பாணியை மாற்றிக்கொள்ளும்போது, அவனைப் பின்பற்றி வந்தோர் இரு கூறாகப் பிரிவது எல்லாக் கலைகளிலும் காணப்படும் ஒன்றாகும். வளர்ந்துவிட்டான் என்று ஒரு சாரார் மகிழ்வர். விலைபோய்விட்டான் என்று மறுசாரார் வருந்துவர். மாறாமல் நின்றாலோ தேங்கிவிட்டான் என்னும் பழி வந்து சேரும். இவ்விரு பழிகளுக்கும் இடையே நின்று பத்தாண்டுக் காலம் பாடிய குழு இங்கிலாந்தின் 'கிளாஷ்'. 1976இல் தோன்றி 1986இல் கலைந்த அக்குழு, பங்க் என்னும் முரட்டு இசையில் தொடங்கி, ரெகே, ஜாஸ், ராப் எனப் பல துறைகளுள் புகுந்து வெளிவந்தது. அதன் பாடகராகவும் பாடலாசிரியராகவும் விளங்கிய ஜோ ஸ்ட்ரம்மரின் வாழ்வு, மாற்றம் எப்போது வளர்ச்சியாகிறது, எப்போது இழப்பாகிறது என்னும் வினாவுக்கு விடை தேடுவோர்க்குத் துணையாவது. ஆதலின் அவ்வாழ்வையும் அக்குழுவின் இசையையும் ஒருசேரக் காண்பது பொருத்தமாகும்.

பிறப்பும் பிரிவும்

ஸ்ட்ரம்மர் என்பது அவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர். பெற்றோர் இட்ட பெயர் ஜான் கிரகாம் மெல்லர். 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் துருக்கியின் அங்காரா நகரில் பிறந்தார். தந்தை ரொனால்டு மெல்லர், நம் நாட்டின் லக்னோவில் பிறந்தவர். பிரித்தானிய வெளியுறவுத் துறையில் பணியாற்றியவர். தாய் அன்னா, ஸ்காட்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த சிறு வேளாண் குடும்பத்துப் பெண், செவிலியாகப் பணிபுரிந்தவர். தந்தையின் பணியிடம் மாறுந்தோறும் குடும்பமும் மாறியது. கெய்ரோ, மெக்சிகோ நகரம், பான் எனப் பல ஊர்களின் ஓசைகள் அச்சிறுவனின் செவியில் விழுந்தன. பல நாட்டு இசையைப் பிற்காலத்தில் அவர் தம்முடையது போலவே எடுத்தாண்டதற்கு இவ்விளமைப் பழக்கமும் ஒரு காரணம் எனலாம்.

ஒன்பதாம் வயதில் அவ்வாழ்வு முடிவுற்றது. அவரும் அவருடைய அண்ணன் டேவிட்டும் இங்கிலாந்தின் சர்ரி பகுதியிலுள்ள விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டனர். பெற்றோர் அயல்நாட்டில் இருந்தமையால் அவர்களைக் காண்பதே அரிதாயிற்று. தம்பி வாய்த்துடுக்காலும் குறும்பாலும் விடுதி வாழ்வைச் சமாளித்தார். அண்ணனோ தம்முள் ஒடுங்கினார்; வளர வளர, தேசிய முன்னணி என்னும் இனவெறிக் கட்சியின்பால் ஈர்க்கப்பட்டார். 1970ஆம் ஆண்டு கோடையில் டேவிட் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உடலை அடையாளம் காட்டும் பொறுப்பு, பதினெட்டு வயது நிரம்பாத தம்பியின்மேல் விழுந்தது. அந்நிகழ்வைப் பற்றி ஸ்ட்ரம்மர் பின்னாளில் மிக அரிதாகவே பேசினார். இனவெறிக்கு எதிராக அவர் வாழ்நாள் முழுவதும் குரல் கொடுத்ததன் வேர் இவ்விடத்தே இருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

பெயரும் கருவியும்

அதே ஆண்டில் இலண்டனிலுள்ள மையக் கலைப்பள்ளியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார், படிப்பு நிலைக்கவில்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின்மேல் கொண்ட பற்றினால், நண்பர்களிடையே 'வுடி' என்று வழங்கப்பட்டார். டைமன் டாக் என்னும் வயலின் கலைஞர் சுரங்க இரயில் நிலையங்களில் வாசிக்கும்போது உடன் சென்று, வழிப்போக்கர்களிடம் காசு பெற்றுத் தருவதே அவர் இசையுலகில் செய்த முதல் தொழில். பின்னர் வேல்சு நாட்டின் நியூபோர்ட் நகரில் தங்கிக் கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டும் வேலை பார்த்தார். மாலை வேளைகளில் மாணவர் குழு ஒன்றில் பாடினார்.

1974இல் மீண்டும் இலண்டன் வந்தார். மேற்கு இலண்டனின் வால்டர்ட்டன் சாலையில், ஆளில்லாத வீடுகளில் வாடகையின்றிக் குடியேறி வாழ்ந்த இளைஞர்களுடன் சேர்ந்தார். அவ்வீட்டின் கதவு எண் 101. அதனையே பெயராகக் கொண்டு '101-அர்ஸ்' என்னும் குழு உருவாயிற்று. மதுக்கடைகளில் பழைய ராக் அண்டு ரோல் பாடல்களை வேகத்துடன் இசைத்து அக்குழு ஓரளவு பெயர் பெற்றது. இயல்பில் இடக்கையரான அவர் வலக்கையர் வாசிக்கும் முறையிலேயே கிதார் பழகியவர். ஆதலால் நுணுக்கமான விரல் வேலை அவருக்குக் கைவரவில்லை; ஆறு தந்திகளையும் ஒருசேர அடித்து வாசிக்கவே இயன்றது. அவ்வாறு அடித்து மீட்டுவோனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே 1975இல் தம் பெயராக்கிக்கொண்டார். தம் குறைபாட்டையே பெயராகச் சூடிக்கொண்ட இச்செயல் அவரது இயல்பை நன்கு காட்டுவதாகும்.

பழைமையை எரித்த இரவு

1976ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மேற்கு இலண்டனின் நேஷ்வில் அரங்கில் '101-அர்ஸ்' குழுவிற்கு முன்னதாகப் பாட, 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்னும் புதிய குழு வந்தது. அவையோரை மகிழ்விக்க வேண்டும் என்னும் எண்ணமே அவர்களிடம் இல்லை. கேட்பவர் விரும்பினும் வெறுப்பினும் கவலையின்றி அவர்கள் பாடிய முறையைக் கண்டவுடன், தம் குழு நேற்றைய குழு ஆகிவிட்டதை ஸ்ட்ரம்மர் உணர்ந்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில் வேலையின்மை பெருகியிருந்தது. ராக் இசையோ பெரும் அரங்குகளுக்கும் நீண்ட கருவியிசைக்கும் உரியதாகிச் சாதாரண இளைஞனின் கைக்கு எட்டாமற் போயிருந்தது. மூன்றே சுரக்கூட்டுகள், இரண்டு நிமிடப் பாடல், மறைவற்ற பேச்சுமொழி ஆகியவற்றைக் கொண்டு யாரும் பாடலாம், எவரும் குழு அமைக்கலாம் என்று அறிவித்ததே பங்க் இயக்கத்தின் சிறப்பு. மேலாளர் பெர்னி ரோட்ஸ், கிதார் கலைஞர் மிக் ஜோன்ஸ், ஓவியம் பயின்ற பால் சிமனன் ஆகியோர் அமைத்துவந்த புதிய குழுவிற்குப் பாடகராக வருமாறு ஸ்ட்ரம்மரை அழைத்தனர். அவரும் இசைந்தார்.

இம்முடிவிற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. '101-அர்ஸ்' குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவரும் வேளையில் அக்குழுவைக் கலைத்தார். தலைமுடியைக் கத்தரித்து, பழைய ஆடைகளைக் களைந்து, உடன் வாழ்ந்த நண்பர்களையும் ஒதுக்கினார். விடுதிப் பள்ளியில் பயின்றதையும் தந்தையின் பணியையும் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தார். வெளியுறவு அலுவலரின் மகன் தொழிலாளியின் குரலில் பாடுகிறார் என்னும் ஏளனம் அன்று தொடங்கி இறுதிவரை அவரை விடவில்லை. புதியது ஒன்றைப் பெறுவதற்காகப் பழையதை முற்றும் எரித்துவிடும் இப்பழக்கம், பின்னர் மற்றொரு முறை அவரிடம் வெளிப்பட்டபோது பெருங்கேடு விளைத்தது.

முதல் இசைத்தட்டு

1976 ஜூலை 4ஆம் நாள் ஷெஃபீல்டு நகரில் 'கிளாஷ்' முதன்முதலாக மேடையேறியது. அடுத்த மாதம் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியத் தீவு மக்கள் கொண்டாடிய திருவிழாவில் காவல்துறைக்கும் கறுப்பின இளைஞர்க்கும் மோதல் மூண்டது. ஸ்ட்ரம்மரும் சிமனனும் அக்கலவரத்தின் நடுவே அகப்பட்டனர். அதன் விளைவாகப் பிறந்ததே 'ஒயிட் ரயட்' என்னும் பாடல். கறுப்பின இளைஞர் தம் உரிமைக்காக எழும்போது வெள்ளையர் அடங்கிக் கிடப்பதேன் என வினவுவது அதன் கருத்து. ஆனால் தலைப்பை மட்டும் கேட்ட சிலர், அதனை வெள்ளை இனவெறிப் பாடலாகவே கொண்டனர். ஒரு கவிஞனின் சொல் அவன் கருதிய பொருளுக்கு நேர்மாறாகச் சென்று சேரும் இடர்ப்பாட்டினை ஸ்ட்ரம்மர் முதற்பாடலிலேயே எதிர்கொண்டார்.

1977 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 1,00,000 பவுண்டிற்கு அக்குழுவை ஒப்பந்தம் செய்தது. பங்க் அன்றே இறந்தது எனப் புலம்பியோரும் உளர். ஏப்ரலில் வெளிவந்த முதல் இசைத்தட்டு, கரடுமுரடான ஒலியும் விரைந்த தாளமும் கொண்டது. அமெரிக்காவில் அதனை வெளியிட நிறுவனம் மறுத்துவிட்டது. எனினும் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான படிகளே அங்கு ஓர் இலட்சம் வரை விற்றன. அமெரிக்கப் பதிப்பு 1979இல்தான் வந்தது.

அவ்விசைத்தட்டில் ஒரு பாடல் மட்டும் தனித்து நின்றது. ஏனையவை பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடங்களில் முடிய, அது ஆறு நிமிடம் ஓடியது. ஜமைக்கா நாட்டுப் பாடகர் ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்டு தீவ்ஸ்' என்னும் ரெகே பாடலே அது. ரெகேயில் கிதார் தாளத்தின் இடைவெளிகளில் ஒலிக்கும். அடித்தந்திக் கருவியாகிய பாஸ் கிதாரே பாட்டின் போக்கை நடத்தும். ஒலியைவிட ஒலிகளுக்கு இடையிலான மௌனம் பொருள் தரும். இடைவெளியே இல்லாமல் அடித்து ஓடும் பங்க் இசைக்கு இது முற்றிலும் மாறானது. அவ்விரண்டையும் ஒரே பாட்டில் பொருத்திய துணிவில், குழுவின் எதிர்காலம் முழுவதும் அடங்கியிருந்தது.

கற்றலும் வெட்கமும்

1977இல் டாப்பர் ஹெடன் டிரம்ஸ் கலைஞராகச் சேர்ந்தார். ஜாஸ், சோல், ஃபங்க் ஆகிய எல்லாத் தாளங்களும் அறிந்தவர் அவர். குழுவின் மாற்றங்களுக்கு ஸ்ட்ரம்மரின் ஆவல் எத்துணைக் காரணமோ அத்துணைக் காரணம் ஹெடனின் கைகள் என்பது மிகையன்று. ஜோன்ஸ் இனிய மெட்டுகளையும் இசையமைப்பையும் தந்தார். ஜமைக்கா மக்கள் வாழ்ந்த இலண்டன் தெருக்களில் வளர்ந்த சிமனன் ரெகேயைத் தந்தார். சொல்லும் சினமும் ஸ்ட்ரம்மருடையவை.

ஆண்டின் இறுதியில் பாடல் எழுதுவதற்காக ஸ்ட்ரம்மரும் ஜோன்சும் ஜமைக்கா சென்றனர். தாம் போற்றிய இசையின் தாயகம் தம்மை வரவேற்கும் என எண்ணிச் சென்றவர்கள், வெள்ளையராகிய தாம் அங்கு அந்நியர் என்பதை உணர்ந்து, விடுதி அறையைவிட்டு வெளியேறவும் அஞ்சினர். அவ்வெட்கத்தை மறைக்காமல் 'சேஃப் யூரோப்பியன் ஹோம்' என்னும் பாட்டாக்கினார் ஸ்ட்ரம்மர். 1978இல் வந்த '(ஒயிட் மேன்) இன் ஹாமர்ஸ்மித் பாலே' இதனினும் சிறந்தது. ரெகே நிகழ்ச்சி ஒன்றிற்குச் சென்று, புரட்சிப் பாடலை எதிர்பார்த்து, வெறும் கேளிக்கையைக் கண்டு ஏமாந்த அனுபவமே அதன் கரு. அவ்வேமாற்றத்தில் தொடங்கி, இன ஒற்றுமை, சக பங்க் குழுக்களின் பகட்டு, நாட்டில் தலைதூக்கும் பாசிசம் எனப் பாட்டு விரிகிறது. தாளம் ரெகே, மனம் பங்க். பிறர் இசையைக் கடன் பெறுவோன், தான் அதற்கு வெளியே நிற்பவன் என்பதை மறவாமல் பெறுதல் வேண்டும் என்னும் நேர்மையை இவ்விரு பாடல்களும் உணர்த்துகின்றன.

1978 ஏப்ரல் 30ஆம் நாள் இலண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிரான மாபெரும் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. பல்லாயிரவர் திரண்டிருந்த அவ்வரங்கில் 'கிளாஷ்' பாடியது. அண்ணனை ஈர்த்த தேசிய முன்னணிக்கு எதிராகத் தம்பி மேடையேறிய நாள் அது.

இலண்டன் அழைப்பு

இரண்டாம் இசைத்தட்டினை அமெரிக்கத் தயாரிப்பாளர் சாண்டி பேர்ல்மன் செப்பம் செய்து தந்தார். அச்செப்பமே குறையாயிற்று என்றனர் சிலர். ரோட்சுடனும் பிணக்கு ஏற்பட்டுக் குழு மேலாளரின்றிக் கடனில் தவித்தது. 1979இல் நால்வரும் பிம்லிகோ பகுதியில் மோட்டார் வண்டிப் பட்டறையின் பின்புறம் இருந்த கூடம் ஒன்றில் அடைந்துகொண்டனர். பகலில் இசை, இடையில் கால்பந்து, மீண்டும் இசை என அவர்களது நாள் கழிந்தது. தம் சிறுவயதில் கேட்ட பழைய பாடல்களை வாசித்து வாசித்தே புதிய பாடல்களுக்கு வந்து சேர்ந்தனர்.

அவற்றை ஒலிப்பதிவு செய்ய அழைக்கப்பட்ட கை ஸ்டீவன்ஸ், குடிப்பழக்கத்தால் இசையுலகம் கைவிட்ட மனிதர். நாற்காலிகளை வீசியும் ஏணியைச் சுழற்றியும் கலைஞர்களிடம் வேகத்தைத் தூண்டினார். பிழையின்மையைவிட உயிரோட்டமே பெரிதென்று கருதினார். 1979 டிசம்பரில் 'லண்டன் காலிங்' வெளிவந்தது. ஐம்பதுகளின் ராக் அண்டு ரோல், ஜமைக்காவின் ஸ்காவும் ரெகேயும், ஜாஸ் எனப் பல வகை கொண்ட 19 பாடல்கள் இரு தட்டுகளில் அமைந்தன. இரண்டையும் ஒரு தட்டின் விலைக்கே தரவேண்டும் எனக் குழு நிறுவனத்துடன் போராடி வென்றது. தலைப்புப் பாடல் அவ்வாண்டு அமெரிக்காவின் மூன்று மைல் தீவில் நிகழ்ந்த அணு உலை விபத்தையும் தேம்ஸ் ஆற்று வெள்ள அச்சத்தையும் நினைவூட்டுவது. 'ஸ்பானிஷ் பாம்ஸ்' ஸ்பெயினின் உள்நாட்டுப் போரையும் அதில் கொல்லப்பட்ட கவிஞர் லோர்காவையும் பாடுவது. மேடையில் சிமனன் தம் கிதாரை ஓங்கித் தரையில் அடிக்கும் அட்டைப்படமோ, எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு அட்டையின் எழுத்தமைப்பைத் தழுவியது. முன்னோரை மறுக்கப் புறப்பட்டவர்கள், மூன்றே ஆண்டுகளில் முன்னோரைத் தேடிக் கண்டுகொண்டனர்.

பழைய அன்பர் பலருக்கு இது பிடிக்கவில்லை. குழுவினுள்ளும் அப்பூசல் புகுந்தது. 1980ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் ஒரு நாள் 'ஒயிட் ரயட்' பாடலை வாசிக்க ஜோன்ஸ் மறுத்தார். கடந்துவந்த பாடலுக்குத் திரும்புவதில் அவருக்கு விருப்பமில்லை. அப்பாடலைக் கைவிட ஸ்ட்ரம்மருக்கு மனமில்லை. வாக்குவாதம் முற்றி, ஸ்ட்ரம்மர் நண்பரின் முகத்தில் குத்தினார். மாற்றத்தை விரும்பிய இருவருள்ளும், எவ்வளவு மாறுவது என்பதில் உடன்பாடில்லை என்பதை அவ்வடி காட்டிவிட்டது.

ஆறு பக்கங்கள்

1980 டிசம்பரில் வந்த 'சாண்டினிஸ்டா!' மூன்று தட்டுகள், ஆறு பக்கங்கள், 36 பாடல்கள் கொண்டது. நியூயார்க், ஜமைக்கா, இலண்டன் ஆகிய இடங்களில் பதிவாயிற்று. இம்முறையும் விலையைக் குறைக்கும் பொருட்டு, முதல் 2,00,000 படிகளுக்குத் தமக்கு வரவேண்டிய உரிமைத்தொகையைக் குழு விட்டுக்கொடுத்தது. நியூயார்க் தெருக்களில் அப்போதுதான் முளைவிட்டிருந்த ராப் இசையைக் கேட்டு, 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' என்னும் பாடலில் அதனைக் கையாண்டனர். ஜமைக்காவின் மைக்கி டிரெட் ஒலிகளைக் கரைத்தும் எதிரொலிக்கச் செய்தும் துணைபுரிந்தார். சுரங்க இரயில் நிலையக் காலத்து நண்பர் டைமன் டாக்கும் வந்து சேர்ந்தார். 'வாஷிங்டன் புல்லட்ஸ்' என்னும் பாடல் சிலியில் கொல்லப்பட்ட பாடகர் விக்டர் ஹாராவை நினைவுகூர்வது. அமெரிக்காவை மட்டுமன்றி, ஆப்கானிஸ்தானில் சோவியத்தையும் திபெத்தில் சீனாவையும் அது விட்டுவைக்கவில்லை.

அளவு மிகுந்தது, நறுக்கியிருந்தால் சிறந்திருக்கும் என்னும் குறை இத்தொகுப்பின்மேல் இன்றளவும் உண்டு. அக்குறையில் உண்மை இருப்பினும், கேட்டறிந்த ஒவ்வோர் இசையையும் செய்து பார்க்கத் துடித்த மனத்தின் பதிவு என்னும் வகையில் இதற்கு இணை அரிது.

1981இல் நியூயார்க்கின் பாண்ட்ஸ் அரங்கில் எட்டு நாள் நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. அளவுக்கு மீறி நுழைவுச்சீட்டு விற்கப்பட்டதால் தீயணைப்புத் துறை குறுக்கிட்டது. சீட்டு வாங்கியோர் ஏமாறக்கூடாதென்று குழு 17 முறை பாடியது. அங்கு, முன்னதாகப் பாட அழைக்கப்பட்டிருந்த ராப் முன்னோடி கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர்மேல் அவையோர் குவளைகளை எறிந்தனர். கலைஞன் சென்ற தொலைவிற்கு அவனுடைய அன்பர்கள் உடன் வரவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வெற்றியும் பிளவும்

1982இல் வந்த 'காம்பட் ராக்' அவர்களது பெருவெற்றி. ஜோன்ஸ் நீண்ட தொகுப்பாக அமைத்ததைக் கிளின் ஜான்ஸ் என்னும் தயாரிப்பாளர் ஒரே தட்டாகச் சுருக்கினார். ஆலன் கின்ஸ்பெர்க் என்னும் அமெரிக்கக் கவிஞரின் குரலும் அதில் ஒலிக்கிறது. 'ராக் தி காஸ்பா' பாடலின் இசை ஹெடன் படைத்தது. பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றையும் அவரே வாசித்துப் பதிவு செய்திருந்தார். இசைக்குத் தடை விதிக்கும் ஆட்சியாளரை எள்ளும் சொற்களை ஸ்ட்ரம்மர் சேர்த்தார். 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாடலோ மென்மையான தாளத்தில், வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர் விட்டுச்சென்ற குழந்தைகளையும், எந்நாட்டிலும் இடம் பெறாத குடியேறிகளையும் பாடியது. சினத்தை உரக்கச் சொல்லாமல் தாழ்ந்த குரலில் சொல்லவும் ஸ்ட்ரம்மர் கற்றிருந்தார்.

வெற்றி வாயிலில் நின்ற வேளையில் வீடு சரிந்தது. ஹெராயின் பழக்கத்திற்கு அடிமையான ஹெடன் நீக்கப்பட்டார். அவர் படைத்த பாடல் அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுள் ஒன்றைப் பிடித்தபோது, அதன் படக்காட்சியில் வேறொருவர் டிரம்ஸ் வாசித்தார். 1982 அக்டோபரில் நியூயார்க்கின் ஷே அரங்கில் 'தி ஹூ' குழுவிற்கு முன்னதாகப் பாடினர். பெரும் அரங்குகளின் இசையை எதிர்த்து எழுந்தவர்கள் பெரும் அரங்கில் நின்றனர். 1983 மே மாதம் கலிபோர்னியாவில் ஐந்து இலட்சம் டாலர் ஊதியம் பெற்றுப் பாடிய மேடையில், தாம் விற்பனைக்கு அல்லர் என்னும் பொருள்பட ஒரு பதாகையைத் தொங்கவிட்டனர். ஜோன்ஸ் அவர்களுடன் பாடிய இறுதி மேடை அதுவே. செப்டம்பரில் ஸ்ட்ரம்மரும் சிமனனும் அவரை வெளியேற்றினர். மீண்டும் மேலாளராக வந்திருந்த ரோட்சின் தூண்டுதல் அதில் பெரிது.

திரும்ப இயலாத இடம்

ஜோன்ஸ் புதிய கருவிகளையும் நியூயார்க் நடன இசையையும் நாடினார். ஸ்ட்ரம்மர் 1977இன் பங்க் இசைக்குத் திரும்ப விழைந்தார். புதிய இளைஞர் மூவரைச் சேர்த்துப் பழைய வேகத்தில் பாடலாயினர். 1985 மே மாதம் கையில் காசின்றிப் புறப்பட்டு, வழியில் வந்த வண்டிகளில் ஏறி, வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தெருவோரங்களில் பாடினர். அந்நாட்கள் இனியவை. ஆனால் அவ்வாண்டின் இறுதியில் வந்த 'கட் தி கிராப்' என்னும் இசைத்தட்டில் ரோட்சே தயாரிப்பாளராகிப் பாடல்களிலும் பங்கு கொண்டார். இயந்திரத் தாளமும் கூச்சலான கூட்டுக்குரலும் ஸ்ட்ரம்மரின் சொற்களை அமிழ்த்தின. 'திஸ் இஸ் இங்கிலாந்து' என்னும் ஒரு பாடலே காலத்தை வென்றது.

இக்காலத்தில்தான் தந்தை மறைந்தார், தாயும் நோயுற்றார். தம் பிழையை உணர்ந்த ஸ்ட்ரம்மர் பகாமாத் தீவுகள் வரை ஜோன்சைத் தேடிச் சென்று மன்னிப்பு வேண்டினார். ஜோன்ஸ் அன்புடன் வரவேற்றார்; ஆயினும் தமக்கெனப் புதிய குழு ஒன்றை அமைத்துவிட்ட அவர் திரும்ப இசையவில்லை. 1986இல் 'கிளாஷ்' கலைந்தது.

ஜமைக்காவின் ரெகேயையும் நியூயார்க்கின் ராப்பையும் நாடிச் சென்றபோது தளராத அக்குழு, தன் தொடக்கத்திற்கே திரும்ப முயன்றபோது தளர்ந்தது. முதல் இசைத்தட்டின் ஒலியை மீண்டும் செய்யலாம். அதனைச் செய்த நால்வரின் உறவை மீண்டும் செய்ய இயலாது. தூய்மையின் பெயரால் நண்பரை நீக்கியவர், அத்தூய்மையையே இழந்தார்.

மௌனமும் மறுமலர்ச்சியும்

பின்வந்த ஆண்டுகள் தளர்ச்சியானவை. 1986இல் ஜோன்சின் புதிய குழுவின் இசைத்தட்டு ஒன்றிற்குப் பாடல் எழுதித் துணைநின்றார். 'வாக்கர்' என்னும் திரைப்படத்திற்கு இசையமைத்தார். சில படங்களில் நடித்தார். 1989இல் வெளிவந்த தனி இசைத்தட்டு தோல்வியுற்றது. 'போக்ஸ்' என்னும் குழுவில் 1991இல் சிறிது காலம் பாடினார். அதே ஆண்டு, ஜோன்ஸ் பாடிய 'கிளாஷ்' பாடல் ஒன்று ஜீன்ஸ் விளம்பரத்தின் வழியே இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. குழுவை மீண்டும் கூட்டுமாறு பெருந்தொகையுடன் பலர் வந்தனர். அம்முயற்சி எதுவும் கைகூடவில்லை.

1999இல் 'மெஸ்கலேரோஸ்' என்னும் இளையோர் குழுவுடன் மீண்டு வந்தார். உலகின் பல பகுதி இசையை வானொலியில் அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சியொன்றைப் பி.பி.சி. உலகச் சேவையில் நடத்தினார். 2001இல் வந்த 'குளோபல் அ கோ-கோ' தொகுப்பில் டைமன் டாக்கின் வயலின் மீண்டும் ஒலிக்கிறது. அதிலுள்ள 'பிண்டி பாஜி' என்னும் பாடல், வெண்டைக்காய்க் கறியின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு, இலண்டன் தெருவொன்றில் கிடைக்கும் பல நாட்டு உணவுகளை அடுக்கிக்காட்டி, அயலாரை வரவேற்கும் நகரைப் போற்றுகிறது. இளமையில் சினந்து பாடிய அதே நகரை முதுமையின் வாயிலில் அன்புடன் பாடினார்.

2002 நவம்பர் 15ஆம் நாள், வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட தீயணைப்புத் தொழிலாளர்க்கு நிதி திரட்ட, மேற்கு இலண்டனின் ஆக்டன் நகர மண்டபத்தில் ஸ்ட்ரம்மர் பாடினார். பார்வையாளராக வந்திருந்த ஜோன்ஸ், பழைய பாடல் ஒன்று தொடங்கியதும், எவரும் அழையாமலே மேடையேறிக் கிதாரைக் கையிலெடுத்தார். 1983க்குப் பின் இருவரும் ஒரே மேடையில் வாசித்தது அன்றுதான். அவ்விரவு அவர்கள் சேர்ந்து பாடியவற்றுள் 'ஒயிட் ரயட்' பாடலும் ஒன்று. அப்பாடலுக்காக நிகழ்ந்த பழைய பூசல் அப்பாடலாலேயே தீர்ந்தது. அடுத்த மாதம் 22ஆம் நாள், சாமர்செட் பகுதியிலுள்ள தம் இல்லத்தில், எவரும் கண்டறியாத பிறவி இதயக் குறைபாட்டினால் ஸ்ட்ரம்மர் திடீரென மறைந்தார். அகவை ஐம்பது.

எஞ்சி நிற்பது

அவருக்குப் பின் அவர் பெயரால் இளம் இசைக் கலைஞர்க்கு உதவும் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. லோர்காவின் மண்ணாகிய கிரனாடாவில் 2013இல் ஒரு சிறு சதுக்கத்திற்கு அவர் பெயர் இடப்பட்டது. இவற்றினும் நெருக்கமான ஒரு தொடர்பு தமிழர்க்கு உண்டு. இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் 1986இல் அகதியாக இலண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றவர். 2007இல் வெளிவந்த அவரது 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலுக்கு அடித்தளமாக ஒலிப்பது 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாடலின் இசையே. குடியேறிகளை ஐயத்துடன் நோக்கும் உலகை எள்ளும் பாடல் அது. எந்நாட்டிலும் இடம் பெறாதோர்க்காக ஓர் ஆங்கிலேயர் பாடிய பாட்டு, கால் நூற்றாண்டு கழிந்து ஓர் ஈழத்துப் பெண்ணின் பாட்டாயிற்று. 'கிளாஷ்' கலைந்த ஆண்டும் அப்பெண் அகதியாக வந்த ஆண்டும் ஒன்றே.

ஜமைக்காவிடமும் நியூயார்க்கிடமும் கடன் பெற்ற இசை, இவ்வாறு பிறர்க்குக் கடன் கொடுத்துத் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. ஸ்ட்ரம்மரின் பெயர் மாறியது, தோற்றம் மாறியது, தாளமும் குரலும் மாறின. ஒதுக்கப்பட்டோர் பக்கம் நின்று பாடுதல் ஒன்றே மாறாதிருந்தது. அம்மாறாத ஒன்றிற்காக மாறிய காலமெல்லாம் அவர் கலை வளர்ந்தது; அதனை மறந்து பாணியையே கொள்கையாகக் கொண்ட காலத்தில் அது தேய்ந்தது. கலையுலகில் மாற்றத்தை எடைபோட விரும்புவோர்க்கு அவ்வாழ்வு தரும் அளவுகோல் இதுவேயாகும்.